பெட்டி கட்டுவதற்கு முன்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பாடம் நடத்துவது, அதற்கான பயணச் செலவுக்கு வழி தேடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பதில் தருபவர் வேதியியல் பேராசிரியையாக இருந்து, கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு வேலைகளையும் நெடுங்காலம் கவனித்து ஓய்வுபெற்றவர்.

ஜவுளித் தொழில்நுட்ப உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்: ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஐரோப்பாவுக்குப் போய்ப் பாடம் நடத்தப் பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எவ்வளவு தேடியும் விண்ணப்பப் படிவம் கிடைக்கவில்லை மேடம். எங்கே விண்ணப்பிப்பது?

கிடைக்காது தம்பி. உங்களுக்கென்று அப்படி ஒரு படிவமே கிடையாது. பணம் கேட்கிற உரிமை ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்குத்தான் இருக்கிறது. அது தன் நாட்டில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் தேசிய முகமையிடம் விண்ணப்பிக்கும். பெரும்பாலும் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் கடைசித் தேதி. ‘இந்தியாவிலிருந்து இத்தனை ஆசிரியர்கள் வருவார்கள், நாங்கள் இத்தனை பேரை அனுப்புவோம்’ என்று அது எழுதிக் கேட்க வேண்டும். ஆசியா என்கிற ஒரே பிரிவில் நாமும் இலங்கையும் நேபாளமும் வியட்நாமும் சீனாவும் இருக்கிறோம். அந்தப் பிரிவுக்கு ஒதுக்கிய தொகையைத்தான் எல்லோரும் பங்கு போட வேண்டும். கிடைத்தால் ஆகஸ்ட் 1-இல் திட்டம் தொடங்கும், 24 மாதமோ 36 மாதமோ நடக்கும். இன்றைக்கு நீங்கள் முதல் கடிதம் போட்டால் விமானம் ஏற ஒன்றரை வருடம் ஆகலாம். அதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

உங்களுக்கு வேண்டியது அங்கே உங்கள் பாடத்தையே நடத்தும் ஓர் ஆசிரியர். அவருக்கு எழுதுங்கள், பன்னாட்டு அலுவலகத்துக்கு எழுதாதீர்கள். அங்கே உலகம் முழுவதிலிருந்தும் ‘எங்கள் நிறுவனம் தரச்சான்று பெற்ற முன்னணி நிறுவனம்’ என்று தொடங்கும் கடிதங்கள் குவிந்து கிடக்கும். உங்களுடையதும் அதில் ஒன்றாகச் சேரும்.

ஜவுளி என்றால் போலந்தில் லோட்ஸ், பெல்ஜியத்தில் கெண்ட், ஸ்வீடனில் போரோஸ் என்று வளமான இடங்கள் இருக்கின்றன. மூன்றுமே பழைய துணி ஊர்கள், மூன்றிலும் ஜவுளியைப் பல்கலையில் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். சாயக்கழிவு நீர் எந்த அலகில் வருகிறது, எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். பிறகு உங்கள் கையில் இருப்பதைச் சொல்லுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டுக்கு ஓர் ஊரே மாற வேண்டியிருந்தது. சவ்வு வடிகட்டல், ஆவியாக்கி, கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டை மூட்டையாகத் தேங்கும் கலவை உப்பு எல்லாம் உங்களுக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கின்றன. அங்கே அதைப் புத்தகத்தில் பார்க்கிறார்கள். ‘உங்கள் மாணவர்களுக்கு இந்த அலகை நான் எட்டு மணி நேரம் நடத்துகிறேன், இவை என் தரவுகள்’ என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினால் அந்த ஆசிரியர் பதில் போடுவார். நான் அனுப்பச் சொன்ன கடிதங்களில் பதில் வந்தவை எல்லாம் இந்த மாதிரிக் கடிதங்கள்தான்.

அவர் தன் அலுவலகத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டுமே, அதற்கும் நீங்கள்தான் சரக்கு கொடுக்க வேண்டும். மதிப்பீட்டில் 100-க்கு 40 மதிப்பெண் ‘ஏன் இந்த நாடு, ஏன் இந்தக் கூட்டாளி’ என்கிற பொருத்தத்துக்கே போகிறது. அந்தப் பத்திகளை நீங்களே எழுதி அவர் கையில் கொடுங்கள். அவருக்கு நேரம் இருக்காது. இன்னொன்று, உங்களுடையது இணைப்புக் கல்லூரியா தன்னாட்சிக் கல்லூரியா, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதை முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். பட்டம் ஓரிடம், பாடம் ஓரிடம் என்கிற நம் இணைப்பு முறை ஐரோப்பியர்களுக்குப் பிடிபடவே பிடிபடாது. கடைசி நேரத்தில் தெரியவந்தால் ஏதோ மறைத்ததாக நினைப்பார்கள்.

கல்லூரிக்கு ஒரு துணுக்கு: ஆளுக்கு 500 யூரோ என்று நிர்வாகச் செலவுக்கும் அந்தப் பல்கலைக்குப் போகிறது. அதை எப்படிப் பங்கிடுவது என்று இரு தரப்பும் பேசிக்கொள்ளலாம். நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

கல்லூரிச் செயலர் அலுவலகத்திலிருந்து: எங்கள் தாளாளர், முதல்வர் உட்பட ஆறு பேர் கொண்ட குழு ஜெர்மனி, பிரான்ஸ் சென்று ஐந்து பல்கலைக்கழகங்களுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்ய உள்ளது. எந்த நிதியில் உதவி கிடைக்கும்?

உங்கள் அறக்கட்டளை நிதியில்.

கையெழுத்தை மின்னஞ்சலில் போட்டுக்கொள்ளலாம், அதற்கு விமானம் தேவையில்லை. பொன்னாடையும் நினைவுப் பரிசும் ஐரோப்பியப் பல்கலையின் பாடவேளைக்குள் நுழையாது. எராஸ்மஸ் பணத்தில் யாரை அனுப்புவதானாலும் கல்லூரிக்குள் வெளிப்படையாக அறிவித்து, தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பதிவு வைத்திருக்க வேண்டும். தாளாளர் தன்னையே தேர்ந்தெடுத்துக்கொள்ள அதில் இடமில்லை. ஒரே ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றால் பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறவரை அனுப்புங்கள். திரும்பி வந்து ஓர் அலகை மாற்றும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. அடுத்த பருவத்தில் வகுப்பு எடுக்கப் போகாத ஆள் போய் என்ன ஆகப்போகிறது?

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்: ஜேர்மனியில் பிராங்க்ஃபர்ட் அருகே உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனேன். பயணத்துக்கு 820 யூரோ தந்தார்கள். அதே இடத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த நண்பருக்கு 1,500 யூரோ. நான் கொழும்புக்குப் போய்த்தான் விமானம் ஏறினேன். எனக்கு ஏன் பாதி?

உங்களை ஏமாற்றியதாக நினைத்திருப்பீர்கள். இல்லை. கணக்குதான் அப்படி.

டிக்கெட் விலையை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் நிறுவனம் இருக்கும் ஊருக்கும் போகிற ஊருக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம், அதுவும் ஒரு வழித் தூரம். அந்தத் தூரம் எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படிக்குரிய தொகைதான் போக வர இரண்டுக்கும். 2021-இல் தொடங்கிய வழிகாட்டியில் 4,000 கிலோமீட்டரிலிருந்து 7,999 வரை 820 யூரோ, 8,000-ஐத் தொட்டால் 1,500. பிறகு தொகைகளைக் கூட்டினார்கள், 8,000 என்கிற கோடு அசையவில்லை. கொழும்பிலிருந்து பிராங்க்ஃபர்ட் 8,000-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. யாழ்ப்பாணம் வடக்கே இருப்பதால் 7,900-க்குள் அடங்கிவிடுகிறது. இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் போனீர்கள் பாருங்கள், அந்தத் தூரம் நேர்கோட்டுக்குத் தெரியாது.

சென்னைக்காரர்களுக்கும் இதே கதைதான். சென்னையிலிருந்து பாரிஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம், பிராங்க்ஃபர்ட் இந்தப் பக்கம். அதற்காகக் கூட்டாளியை மாற்றுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

அடுத்த முறைக்கு ஒரு வழி இருக்கிறது. தரும் தொகை உண்மையான பயணச் செலவில் 70 சதவீதத்தைக்கூட எட்டாது என்று காட்ட முடிந்தால், அதற்குப் பதிலாக உண்மைச் செலவில் 80 சதவீதம் கேட்கலாம். கேட்க வேண்டியது உங்களை அழைக்கும் பல்கலை. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். உள்ளூர்ப் பயணச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

தங்கும் செலவில் இந்த வேறுபாடு வராது. 2021 கணக்கில் ஜெர்மனிக்கு வரும் ஆசிரியருக்கு நாளுக்கு 160 யூரோ. 14 நாள் வரை முழுத் தொகை, அதற்கு மேல் தங்கினால் 70 சதவீதம். ஐந்து நாள் வகுப்பும், முன்னும் பின்னும் ஒவ்வொரு பயண நாளும் சேர்த்தால் ஏழு நாளுக்கு 1,120 யூரோ. பல்கலையின் விருந்தினர் விடுதியில் அறை கிடைத்துவிட்டால் டிக்கெட்டில் விழுந்த துண்டை இதில் சரிக்கட்டலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

விலங்கியல் உதவிப் பேராசிரியை, திருநெல்வேலி: ஸ்பெயினில் ஒரு பல்கலை என்னை ஒரு வாரம் அழைத்திருக்கிறது. எட்டு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டுமாம். என் ஆங்கிலம் அங்கே எடுபடுமா என்று பயமாக இருக்கிறது. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை வேறு. போகலாமா மேடம்?

போங்கள்.

ஆங்கிலத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் எதிரே உட்காரப் போகிறவர்கள் லண்டன்காரர்கள் இல்லை. அவர்களுக்கும் அது இரண்டாவதோ மூன்றாவதோ மொழி. நாம் பேசும் வேகம்தான் அவர்களுக்குச் சிக்கல், உச்சரிப்பு அவ்வளவாக இல்லை. மெதுவாகப் பேசுங்கள், கலைச்சொற்களைப் பலகையில் எழுதுங்கள். பாளையங்கோட்டையில் முதலாம் ஆண்டு தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவீர்களோ அப்படி நடத்தினால் போதும்.

என் கவலை வேறு. அந்த எட்டு மணி நேரத்தில் எதை நடத்தப் போகிறீர்கள்? வாரத்துக்குக் குறைந்தது எட்டு மணி என்பது விதி. பயிற்சியும் சேர்த்துப் போனால் நான்கு மணி போதும். பலர் இதை இலைக்கு ஊறுகாய் மாதிரிச் செய்துவிடுகிறார்கள். ‘இந்தியப் பல்லுயிர் வளம்: ஓர் அறிமுகம்’ என்று ஒரு சிறப்புரை, மறுநாள் அதையே வேறு துறையில் கொஞ்சம் மாற்றி இன்னொன்று. பிள்ளைகள் கைதட்டுவார்கள். தேர்வில் வராது, யாருக்கும் நினைவிருக்காது, அடுத்த வருடம் உங்களை அழைக்கவும் காரணம் இருக்காது.

கிரெடிட் உள்ள ஒரு பாடத்துக்குள் இடம் கேளுங்கள். கடல் உயிரியலோ பாதுகாப்பு உயிரியலோ, அவர்கள் கட்டாயமாக நடத்தும் பாடத்தில் ஓர் அலகு. தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வி வர வேண்டும் என்றும் கேளுங்கள், தயங்க வேண்டாம். மன்னார் வளைகுடா உங்கள் கொல்லைப்புறம். 1986-இல் கடல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம், 21 தீவுகள், அவற்றில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த காலம், மீனவர்களோடு வந்த உரசல்கள், 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்த ஆவுளியா (கடற்பசு) காப்பகம் என்று எட்டு மணி நேரத்துக்கு மேலேயே சரக்கு இருக்கிறது. ஸ்பெயின் பிள்ளைகளுக்கும் கடலும் மீனவர்களும் காப்பகங்களும் தெரியும், அவர்கள் மத்தியதரைக் கடலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். அங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும்.

கிரெடிட் கணக்கில் ஒரு குழப்பம் வரும். ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம், அதில் மாணவர் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரமும் சேர்த்தி. நம்முடையது பெரும்பாலும் வகுப்பறை மணியை வைத்துப் போடும் கணக்கு. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துப் பேசினால் பேச்சு நகராது. மாணவர் செலவிடும் மொத்த மணி நேரத்தை எழுதிக்கொண்டு பேசுங்கள்.

அழைப்பை ஏற்கும்போதே, அவர்களில் ஒருவர் திருநெல்வேலிக்கு வந்து எட்டு மணி நேரம் நடத்துவதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஐரோப்பாவிலிருந்து இங்கே வரும் ஆசிரியருக்கும் அதே திட்டத்தில் பணம் உண்டு, 2021 கணக்கில் நாளுக்கு 180 யூரோ. என்னைக் கேட்டால் நீங்கள் போவதைவிட அவர் வருவது முக்கியம். நீங்கள் போனால் ஒரு ஆள் பார்க்கிறீர்கள். அவர் வந்தால் உங்கள் பிள்ளைகள் அறுபது பேர் கேட்கிறார்கள். அவரைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போய் மீன் இறங்குதளத்தில் நிறுத்துங்கள், அடுத்த வருடப் பாடத்தை அவரே எழுதித் தருவார். நம் பல்கலைத் தேர்வுகளும் அவர்கள் தேர்வுகளும் மோதாத வாரமாகத் தேதி போடுங்கள், இதில்தான் பாதித் திட்டங்கள் கவிழ்கின்றன. வந்தவர் எங்கே தங்கினாலும், வெளிநாட்டவர் தங்கியிருக்கும் தகவலை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும், நெடுங்காலமாக ‘படிவம் சி’ என்று சொல்லிவந்தது அது. நட்சத்திர விடுதிக்கு அது தெரியும், கல்லூரி விருந்தினர் இல்லக் காப்பாளருக்குத் தெரியாது. நீங்களே உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

குழந்தை விஷயம் உங்கள் வீட்டு ஏற்பாடு, நான் நுழைய மாட்டேன். பயண நாள் போகக் குறைந்தது ஐந்து நாள் அங்கே இருக்க வேண்டும், அதற்குக் கீழே குறைக்க முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சேபணையின்மைச் சான்றுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். சொந்த விடுப்பில் போகாதீர்கள், பணியில் இருப்பதாகவே கணக்கிடும் ஓ.டி. கேளுங்கள். கல்லூரி அனுப்பித்தான் போகிறீர்கள். ஷெங்கன் விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

சுயநிதிக் கல்லூரி ஆசிரியர், விழுப்புரம்: எங்களுக்கு வெளிநாட்டுத் தொடர்பும் இல்லை, பணமும் இல்லை. எங்களால் என்ன முடியும்?

நீங்கள் போக முடியாவிட்டால் வருகிறவர்களைப் பிடியுங்கள். மத்திய அரசின் ‘கியான்’ திட்டம் 2015-இல் வந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் இங்கே வந்து ஒரு வாரம் 12 முதல் 14 மணி நேரம் நடத்தினால் 8,000 டாலர் வரை, இரண்டு வாரம் 20 முதல் 28 மணி என்றால் 12,000 டாலர் வரை, பயணமும் மதிப்பூதியமும் சேர்த்து என்று அப்போது வகுத்தார்கள். நடத்துவது பெரிய நிறுவனங்கள்தான். ஆனால் வகுப்பில் மற்றக் கல்லூரி ஆசிரியர்களும் சிறு கட்டணம் கட்டிச் சேரலாம். ஒரு வாரம் முன் வரிசையில் உட்காருங்கள், இடைவேளையில் உங்கள் பாடத்திட்டத்தை அவரிடம் காட்டுங்கள். தொடர்பு இல்லாதவருக்குத் தொடர்பு இப்படித்தான் உண்டாகும்.

அமெரிக்காவின் ஃபுல்பிரைட் ஸ்பெஷலிஸ்ட் திட்டத்தில் இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு ஒருவர் வருவார். விமானச் செலவும் மதிப்பூதியமும் அவர்கள் பாடு. தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து நம் பாடு. விடுதியும் மெஸ்ஸும் உள்ள கல்லூரியால் இது முடியும்.

பணமே வேண்டாம் என்றால் காணொளியில் சேர்ந்து ஒரு வகுப்பு. பெர்லினில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 1.30, கோடையில் 12.30. சாப்பாட்டு வேளையை ஒட்டி வரும், முதல்வரிடம் அனுமதி வாங்கிக் கால அட்டவணையில் ஏற்றிவிடுங்கள். ஒரு பருவம் முழுக்க இப்படி நடத்திய இருவர் பயணப் பணம் கேட்டால், காகித ஒப்பந்தம் மட்டும் வைத்திருப்பவர்களைவிட அவர்கள் பேச்சுக்கு எடை கூடும்.

பெற்றோர், மதுரை: ஆசிரியர்கள் போய் வருவதால் என் மகளுக்கு வெளிநாட்டுப் பட்டம் கிடைக்குமா?

கிடைக்காது. அது வேறு சட்டம். 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த இணைப்பட்ட, இரட்டைப் பட்ட விதிகளில் நம் பக்கம் கல்லூரித் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01 என்பது போன்ற தகுதி, அந்தப் பக்கம் உலகத் தரவரிசையில் முதல் 1,000-க்குள் இடம் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. விளம்பரத்தில் வெளிநாட்டுக் கொடி போட்டிருந்தால், எந்த விதியின் கீழ், யார் பெயரில் பட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர் வருகையைக் காட்டிக் கட்டணத்தைக் கூட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாசகர், தஞ்சாவூர்: இதெல்லாம் அடுத்தவர் காசில் ஊர் சுற்றல்தானே?

சிலருக்கு ஆமாம். எட்டு மணியை இரண்டே நாளில் அடைத்துவிட்டு மீதி மூன்று நாள் ரயிலில் திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல புகைப்படங்கள் எடுத்து வந்தார்கள். அழைக்கும் துறை நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று பரப்பிப் போட்டால் இது நடக்காது.

ஆராய்ச்சி மாணவி, சென்னை: பிரிட்டனுக்கு இதே திட்டத்தில் போக முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது பிரிட்டன் இதையும் விட்டது. பதிலுக்கு 2021-இல் வந்த டூரிங் திட்டம் அங்குள்ள மாணவர்கள் வெளியே போகத்தான், ஆசிரியர் வந்து நடத்துவதற்கு அதில் காசு இல்லை. வேல்ஸ் மட்டும் 2022-இல் ‘டைத்’ என்று தனியாகத் தொடங்கி உள்ளே வருகிறவர்களுக்கும் கொடுத்தது. 2027 முதல் எராஸ்மஸ் பிளஸில் மீண்டும் சேரப் போவதாக 2025 இறுதியில் பிரிட்டன் அறிவித்திருக்கிறது.

பேராசிரியர், சேலம்: போய் வந்தேன். 200 யூரோ மிச்சம். திருப்பித் தர வேண்டுமா? கணக்குப் பிரிவில் பில் கேட்கிறார்கள்.

தர வேண்டாம். தூரத்துக்கும் நாளுக்கும் இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை அது, செலவுக்கு ரசீது தேவையில்லை. தேவைப்படுவது நீங்கள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள், எத்தனை மணி நேரம் நடத்தினீர்கள் என்று அந்தப் பல்கலை கையெழுத்திட்ட சான்று. ஒரு நாள் முன்னதாகத் திரும்பியிருந்தால் அந்த நாளுக்குரியதைப் பிடித்துக்கொள்வார்கள்.

உங்கள் கல்லூரிக் கணக்குப் பிரிவு இதை நம்பாது. மானிய ஒப்பந்தத்தின் நகலில் தொகை நிர்ணயம் பற்றிய பத்தியை அடிக்கோடிட்டு, கல்லூரி தன் பணத்திலிருந்து எதுவும் தரவில்லை என்று ஒரு வரி எழுதி, முதல்வர் கையெழுத்தோடு கொடுங்கள். போர்டிங் பாஸையும் சேர்த்துக் குத்திவிடுங்கள். அவர்கள் கோப்பில் ஏதாவது ஒரு துண்டுச் சீட்டு இருந்தால்தான் தணிக்கைக்காரர் எழுந்து போவார்.